பூட்டா, கடப்பாறையா? அரசுக் கட்டடத்துக்கு முடிவெழுதும் நான்கு வழிகள்

பொதுக் கட்டடத்தைக் கைவிட அரசுகள் பின்பற்றும் நடைமுறைகளை அடுக்கிப் பார்த்தால், நாடு எதுவானாலும் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. பொறியாளரின் கையெழுத்து, மக்களிடம் கருத்துக் கேட்பு, மொத்தப் பட்டியல் போடும் ஆணையம், ‘வேறு யாருக்காவது வேண்டுமா’ என்று முதலில் விசாரிக்கும் முறை. நான்கையும் எடைபோடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மூடும் கோப்பும் இடிக்கும் கோப்பும் தனித்தனியாக இருக்கின்றனவா, இல்லை முதல் கோப்பு நகர்ந்தாலே இரண்டாவது தானாக நகர்ந்துவிடுகிறதா?

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பூட்டிய கட்டடம் சும்மா இருப்பதில்லை. மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயைச் சருகு அடைக்கும். அள்ள ஆள் இல்லை. தண்ணீர் தேங்கி, தளத்துக்குள் கசியும். உள்ளே இருக்கும் கம்பி துருவேறி உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். சில மழைக்காலங்கள் போனால், மூடும்போது நன்றாக இருந்த கூரையைப் பற்றி ‘ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று எழுத வேண்டியதாகிவிடும். அதன் பிறகு இடிக்கலாமா வேண்டாமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

பொறியாளர் கையெழுத்து

நான்கில் வேகமானது இதுதான். கண்பார்வை ஆய்வு, சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்ப்பது, கான்கிரீட்டை உருளையாகக் குடைந்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பது, பிறகு அறிக்கை. ‘பயன்பாட்டுக்கு உகந்ததல்ல’ என்று எழுதிவிட்டால் மின்சாரம், தண்ணீர் துண்டிக்கப்படும். கம்பி, மரம், கதவு, ஜன்னல் என்று இடிபொருளுக்கு மதிப்புப் போடப்பட்டு ஒப்பந்தமோ ஏலமோ நடக்கும்.

அவசரத்துக்கு இந்த வழியை மிஞ்ச எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2018ல் கென்ட் பகுதிப் பள்ளி ஒன்றின் கூரை திடீரென்று விழுந்தது. வார இறுதி என்பதால் உள்ளே யாரும் இல்லை. காற்றுக்குமிழி நிறைந்த, ‘ராக்’ எனப்படும் இலகுவகை கான்கிரீட் பலகை அது. 1950களிலிருந்து பல பொதுக் கட்டடங்களில் போட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிடம் அந்தக் கூரை உள்ள இடங்களை மூடச் சொன்னது அரசு. அரசுக்குத் திட்டு விழுந்தது, பெற்றோர் அலைந்தார்கள். ஆனாலும் அந்த உத்தரவில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மூடப்பட்டது ஆபத்தான கூரையின் கீழ் இருந்த பகுதி. மற்ற வகுப்பறைகள் நடந்த பள்ளிகள் பல. கூரைக்கு முட்டுக் கொடுக்கலாமா, மாற்றலாமா என்பது பிறகு பார்க்கும் விஷயமாக நின்றது.

இந்த வழியின் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. பொறியாளரிடம் கேட்கப்படுவது ‘இன்று பாதுகாப்பானதா’ என்ற ஒரே கேள்வி. பழுது பார்த்தால் என்ன செலவு, இதை இழந்தால் எது போகும் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் எழுதுவதில்லை.

கருத்துக் கேட்பு

கேட்பதற்கு நியாயமாக இருக்கும். சிகாகோ நகரம் 2013ல் மாணவர் எண்ணிக்கை குறைந்ததையும் நிதிப் பற்றாக்குறையையும் காரணம் காட்டிச் சுமார் 50 அரசுப் பள்ளிகளை ஒரே வீச்சில் மூடியது. சட்டப்படி கூட்டங்கள் நடந்தன, பெற்றோர் வந்து பேசினார்கள், அழுதார்கள். விசாரணை நடத்தத் தனியாக நியமிக்கப்பட்டவர்களே சில பள்ளிகளை மூடக் கூடாது என்று எழுதினார்கள். வாரியம் மே 22 அன்று வாக்கெடுத்தது. கடைசி நேரத்தில் நான்கு பள்ளிகள் தப்பின. மற்றவை போயின. காலியான கட்டடங்களில் பல ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கூட்டத்தில் பேசப்பட்டது முழுக்க மூடுவது பற்றி. மூடிய பிறகு அந்தச் சுவர்களை என்ன செய்வது என்பதற்கு அதே சூட்டோடு ஒரு கூட்டம் நடக்கவில்லை.

கேட்டுவிட்டுச் செய்வதைச் செய்யும் அதிகாரம் மேலே இருக்கும்வரை, கருத்துக் கேட்பு என்பது புகார்ப் பெட்டிதான்.

மொத்தப் பட்டியல்

அமெரிக்க ராணுவத் தளங்களுக்கு உருவான முறை இது, எனக்கு மிகவும் சுவாரசியமானது. தளம் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் தொகுதியில் உள்ளதை மூட எந்த உறுப்பினரும் சம்மதிக்க மாட்டார். அதனால் 1988ல் தொடங்கி, பிறகு 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகள் ஆணையம் வைத்து நடத்தினார்கள். 1990 சட்டப்படி ஆணையம் பட்டியல் தரும். குடியரசுத் தலைவர் முழுதாக ஏற்கலாம், அல்லது முழுதாகத் திருப்பலாம். நடுவில் ஒரு பெயரை உருவ முடியாது. நாடாளுமன்றம் 45 நாட்களுக்குள் மொத்தமாக நிராகரிக்காவிட்டால் பட்டியல் நடைமுறைக்கு வந்துவிடும். சிபாரிசுக்கு இடமே இல்லாத ஏற்பாடு! போதாக்குறைக்கு, மூடப்படும் நிலத்தை அடுத்து என்ன செய்வது என்று திட்டமிட உள்ளூரில் ஓர் அமைப்பு உருவாக்கவும் வழி செய்தார்கள். குறை என்னவென்றால், பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு கட்டடமும் ஒரு வரி. சிறிய நூலகத்துக்கோ மருந்தகத்துக்கோ இந்த யானைப் படை தேவையும் இல்லை.

முதலில் விசாரிப்பது

அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உபரியான மத்திய அரசுக் கட்டடங்கள் வீடற்றோருக்கு உதவுமா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தைகள் குறைந்ததால் மூடப்பட்ட பள்ளிகள் அங்கே ஆயிரக்கணக்கில். 2010லிருந்து கல்வி அமைச்சகமே காலிப் பள்ளிகளின் விவரத்தை வெளியிட்டு, எடுத்து நடத்துவோரைத் தேடுகிறது. அந்நாட்டின் கோச்சி மாநிலத்தில் உள்ள முரோட்டோவில் 2006ல் மூடிய தொடக்கப் பள்ளி ஒன்று 2018ல் மீன் காட்சியகமாகத் திறந்தது. மாணவர்கள் நீந்திய 25 மீட்டர் நீச்சல் குளத்தில் இப்போது கடலாமைகள் சுற்றுகின்றன. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெதுவான வழி. எல்லாக் கட்டடத்துக்கும் ஆள் கிடைக்காது.

இடிப்பென்று முடிவான பிறகு

இடிப்பதை எளிய வேலை என்று நினைப்பவர்களுக்கு கான்பெராவைத்தான் சொல்வேன். 1991ல் மூடிய அரசு மருத்துவமனையை 1997 ஜூலை 13 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதை வேடிக்கை நிகழ்ச்சியாக்கியதில் ஏரியைச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். 400 மீட்டருக்கும் அப்பால், எதிர்க்கரையில் நின்ற 12 வயதுச் சிறுமி பறந்து வந்த எஃகுத் துண்டு பட்டு இறந்தாள்.

பெர்லினில் வேறு கதை. கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகை ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக 1990ல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் செலவழித்து நச்சு இழையை நீக்கினார்கள். மூடியதற்கான காரணம் தீர்ந்தது. ஆனாலும் 2006லிருந்து 2008க்குள் இடித்துவிட்டார்கள். அங்கே பழைய அரண்மனையைத் திரும்ப எழுப்பும் ஆசை எப்போதோ ஜெயித்துவிட்டிருந்தது.

டெல்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கூடம் விழுந்தது விதியின் ஓட்டையில். ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புக் கணக்குப் போட்டு, 1972ல் எழுந்த கட்டடம். மரபுப் பட்டியலுக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பாதுகாப்புக் குழு ஒதுங்கிக்கொண்டது. கட்டடத்துக்கு 45 வயது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் தரைமட்டம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், பூட்டும் அதிகாரத்தைப் பொறியாளரிடம் முழுதாகக் கொடுக்கலாம். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. இடிக்கும் அதிகாரத்தை அதே கையெழுத்தில் கொடுக்கக் கூடாது. அதற்கு முன் விசாரிக்கும் முறை கட்டாயம் வேண்டும், ஜப்பானைப் போல இழுக்காமல் ராணுவத் தளச் சட்டத்தைப் போலக் கெடுவோடு. பழுது பார்க்கும் மதிப்பீடு இல்லாத இடிப்புக் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிரான்சின் போர்தோவில் பொது வீட்டுவசதி அமைப்பு ஒன்று 530 வீடுகளை, குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே புதுப்பித்துப் பெரிதாக்கியது. 2019ல் ஐரோப்பாவின் முக்கியமான கட்டடக் கலைப் பரிசையும் வாங்கியது. ‘முடியாது’ என்று எழுதுகிறவர் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.

அதுவரை, மூடும் உத்தரவிலேயே மூன்று விவரங்கள் இருந்தால் போதும்: எந்தத் தேதிக்குள் முடிவு, சாவி யாரிடம், மாடியில் சேரும் சருகை யார் அள்ளுவது.