றலியை ஃபிக்ஸியாக்கி ஆறு வருஷம்: ஓடிய கதையும் விற்ற கதையும்

2018 வைகாசியில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கராஜ் விற்பனையில் 80 டொலருக்கு அந்தச் சைக்கிளை வாங்கினேன். றலி ரெக்கோர்ட். பத்துக் கியர், வளைந்த ஹாண்டில், இரும்புச் சட்டம். கியூபெக்கில் வோட்டர்லூ என்ற ஊரில் றலிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது, அங்கே செய்த வண்டி. யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் இருந்த றலி நொட்டிங்ஹாமில் இருந்து வந்தது என்று அவருக்குச் சாகும்வரை பெருமை. அதைத் துடைக்க மட்டும்தான் எங்களுக்கு அனுமதி இருந்தது. ஆக, பெயரைப் பார்த்துத்தான் வாங்கினேன். கியர் ஒழுங்காக விழுமா என்றுகூடப் பார்க்கவில்லை.

விழவில்லை. பின் சில்லு குரோம் பூசிய இரும்பு. மழை நாளில் பிறேக்கைப் பிடித்தால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், வண்டி தன் பாட்டுக்கு ஓடும். எப்படியும் சில்லு மாற்ற வேண்டும் என்று ஆனபிறகுதான் ஃபிக்ஸி யோசனை வந்தது.

தெரியாதவர்களுக்கு: ஃபிக்ஸியில், உழக்காதபோது பெடலை நிற்கவிடும் ஃபிறீவீல் இல்லை. பின் பல்லுச்சக்கரம் சில்லின் நடுவிலுள்ள ஹப்போடு இறுகப் பூட்டியிருக்கும். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். சின்ன வயதில் ஓடிய மூன்று சில்லுச் சைக்கிளில் முன் சில்லோடு பெடல் எப்படிச் சுற்றியதோ அதே சங்கதிதான், இங்கே நடுவில் ஒரு செயின் இருக்கிறது. உழக்காமல் சும்மா உருண்டு போவது என்ற பேச்சே கிடையாது.

மாற்றுவதற்கு மலிவான பழைய சைக்கிள்தான் நல்லது என்பது பிறகுதான் விளங்கியது. விலை கூடிய சட்டங்களில் கியர் மாற்றி தொங்கும் கொக்கி சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அதை வடிவுக்காக வாளால் அறுத்துவிடுகிற ஆட்கள் உண்டு. என் றலியில் அது தனித் தகடு, அச்சு நட்டோடு சேர்த்துப் பூட்டியிருந்தது. கழட்டிப் பெட்டிக்குள் போட்டேன். கியர் மாற்றும் கைகளும் வளையம் போட்டுப் பூட்டியவைதான். ஒரு இடத்திலும் அரம் வைக்கவில்லை. அந்தப் பெட்டிதான் கடைசியில் காசு தந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து பல்லுச்சக்கர ஃபிறீவீல் போட்ட பழைய வண்டிகளில் பின் சில்லு பூட்டும் கவையின் அகலம் 120 மில்லிமீட்டர். ஃபிக்ஸி ஹப்பும் 120. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உள்ளே போய் உட்கார்ந்தது. ஆறு, ஏழு சக்கரம் போட்ட வண்டியென்றால் 126 இருக்கும், வாஷர் போட்டு நிரப்ப வேண்டும். கவையின் வெட்டு கிடையாக இருந்ததும் அதிர்ஷ்டம். சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்க வேறு வழி இல்லை. வெட்டு செங்குத்தாக இருக்கிற இந்தக் காலத்துச் சட்டங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பழைய சில்லு 27 அங்குலம், புதியது 700சி. பெயரைக் கேட்டால் பெரிய வித்தியாசம்போல இருக்கும். ரிம்மில் ரயர் உட்காரும் விட்டம் 630க்குப் பதில் 622 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பிறேக் கட்டையை 4 மில்லிமீட்டர் கீழே இறக்கினால் போதும். என்னுடையதில் கட்டை பூட்டும் வெட்டின் கடைசி நுனியில் போய் நின்றது, ஆனாலும் பிடித்தது.

முன்பக்கம் இன்னும் சுலபம். 52 பல் உள்ள வெளிச்சக்கரத்தைக் கழட்டிவிட்டு 42 பல் உள்ள உள்சக்கரத்தை அப்படியே வைத்தேன். அங்கே வைத்தால்தான் செயின் நேர்கோட்டில் ஓடும். பெடல் பூட்டும் தண்டான கிராங்க்கில், அதை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் இல்லாதது பெரிய நிம்மதி. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்திய ஆருக்கும் கொட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்துக் கழட்டும் பாவம் தெரிந்திருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறப் பார்த்தேன். 'பழைய ஹப்பிலேயே பல்லுச்சக்கரத்தை முறுக்கி, பசை போட்டுவிட்டால் புதுச் சில்லு தேவையில்லை, நூறு டொலருக்குமேல் மிச்சம்' என்று ஒரு கடைக்காரர் சொன்னார். ஃபிக்ஸி ஹப்பில் பல்லுச்சக்கரம் வலப்புரியில் இறுகும், அதற்குமேல் வரும் லொக் ரிங் இடப்புரியில் இறுகும். பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது சக்கரம் கழரப் பார்த்தால் ரிங் இன்னும் இறுகிக்கொண்டு தடுக்கும். பழைய ஹப்பில் அந்த இடப்புரி இல்லை. இறக்கத்தில் அழுத்தினால் சக்கரம் கழன்று சுற்றும், கால் காற்றில் நிற்கும். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எனக்கு ஆன செலவு: சைக்கிள் 80, இரண்டு சில்லும் 230, பல்லுச்சக்கரமும் லொக் ரிங்கும் 35, செயின் 15, ரயர் 70, பிறேக் கட்டை 25, பெடல் பட்டி 40, ஹாண்டில் நாடா 20. மொத்தம் 515 டொலர், கூலி இல்லை.

முதல் கிழமை நரகம். சிவப்பு விளக்கைக் கண்டதும் பழக்கதோஷத்தில் காலை நிறுத்தப் பார்ப்பேன். பெடல் நிற்காது, பின்னால் இருந்து யாரோ உதைப்பதுபோல் தூக்கிப்போடும். வளைவில் உள்கால் பெடல் வீதியில் இடித்து, பின் சில்லு ஒருமுறை கிளம்பி விழுந்தது. வீதிச் சைக்கிள் சட்டத்தில் கிராங்க் பதிவாக இருக்கும், வளையும்போது பெடலை மேலே தூக்கி வைக்கவும் முடியாது. அன்றிலிருந்து திருப்பங்களில் வேகத்தைக் குறைத்துத்தான் போகிறேன்.

பிறகு ஒருநாள், டான்ஃபோர்த் வழியாக வந்து பெரிய பாலத்தைக் கடக்கும்போது, கால் யோசிப்பதை நிறுத்தியது. பிறேக் தொடாமல், உழக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே பஸ்சுக்குப் பின்னால் அளவாகப் போகிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாமல், வீட்டு முற்றத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி டைனமோ சுற்ற உழக்கி ரேடியோச் செய்தி கேட்ட கால்கள் இவை. காலை நிறுத்தினால் செய்தியும் நிற்கும். பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டதோ என்னவோ.

கியர் விகிதத்தில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். முன்னால் 42 பல், பின்னால் 16 என்று தொடங்கினேன். நிமிடத்துக்கு 90 சுற்று உழக்கினால் மணிக்கு 30 கிலோமீட்டர். மட்டமான வீதியில் அருமை. முதல் பனிக்காலம் முடிய முழங்கால் முறையிட்டது. பின்னால் 17 பல் மாற்றினேன், 28 கிலோமீட்டர் சொச்சம் ஆனது, முழங்காலும் அமைதியானது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வண்டியை நிறுத்தக் காலை இறுக்கிப் பின் சில்லை வழுக்கவிடும்போது ரயரின் எந்த இடம் தேய்கிறது என்பதைப் பல் கணக்குத்தான் முடிவு செய்யும். 48க்கு 16 என்றால் சரியாக மூன்று மடங்கு, ஒரே காலால் வழுக்குகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே இடம் தேய்ந்து ரயர் சீக்கிரம் முடியும். 44க்கு 16 என்றால் நாலு இடம். 42க்கு 17 சுருங்காத பின்னம், 17 இடமாகப் பிரிந்து தேயும்.

பிறேக்கைப் பற்றிப் பெடியள் என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு. "அண்ணை, ஃபிக்ஸிக்கு ரெண்டு பிறேக்கோ?" என்று. ஒன்ராறியோ சட்டப்படி பின் சில்லில் ஒரு பிறேக் இருக்க வேண்டும், காய்ந்த மட்டமான வீதியில் பிடித்தால் சில்லு வழுக்க வேண்டும். மணியும் வேண்டும். சட்டம் கிடக்கட்டும், பிறிம்லி வீதியால் புளஃபர்ஸ் பூங்காவுக்கு ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 50 போனால் என் கியரில் கால் நிமிடத்துக்கு 158 தரம் சுற்ற வேண்டும். அந்த இறக்கத்தில் என்னைக் காப்பாற்றியது முன் பிறேக்.

பனிக்காலம்தான் இந்த வண்டியின் உண்மையான பருவம். உப்பும் சேறும் போய் அடைக்கக் கியர் மாற்றி இல்லை. வழுக்கும் இடத்தில் பின் சில்லு என்ன செய்கிறது என்று பாதத்தில் தெரியும். ஆனால் செயின் ஒரு பனிக்காலத்துக்குமேல் தாங்காது. தளர்ந்த செயினோடு ஓடவே கூடாது, கழன்றால் சில்லைப் பூட்டிவிடும். வலக்கால் காற்சட்டையை மடித்துக் கட்டாமல் ஏறவும் வேண்டாம், செயினுக்குள் போனால் சில்லு இழுத்துக்கொண்டே போகும். சில்லைச் சுற்றவிட்டுத் துணியால் செயின் துடைப்பது அதைவிட மோசம், இப்படி விரல் நுனி போனவர்கள் இருக்கிறார்கள்.

இனி விற்ற கதை. 2024இல் முதுகு வலி வந்து, நிமிர்ந்து இருந்து ஓடும் கியர்ச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். றலிக்கு 400 என்று கிஜிஜி என்ற இணைய விளம்பரத் தளத்தில் போட்டேன். 515 போட்டிருக்கிறேன், 400 கேட்பது நியாயம் என்பது என் கணக்கு. வந்த விலை 150. ஒருவர் 120 சொல்லிவிட்டுப் பூட்டும் சேர்த்துத் தருவீர்களா என்றார்.

யோசித்தால் அவர்களில் பிழையில்லை. சைக்கிளில் கடிதமும் பார்சலும் கொண்டோடும் கூரியர்காரர்களைப் பார்த்து ஊரெல்லாம் ஃபிக்ஸி பித்துப் பிடித்திருந்த 2000களின் கடைசியில் இது வேறு விலை போயிருக்கும். இப்போது தொழிற்சாலையிலேயே ஃபிக்ஸியாகச் செய்த புது வண்டி மலிவாகக் கிடைக்கிறது. ஆரோ ஒருவர் கராஜில் மாற்றிய பழைய வண்டியை, உள்ளே என்ன செய்தாரோ என்ற பயத்தோடு, ஏன் கூடக் கொடுத்து வாங்க வேண்டும்? மாற்றிய கூலிக்குச் சந்தையில் விலை பூச்சியம். பல்லுச்சக்கரம், செயின், நாடா எல்லாம் கறிக்குப் போட்ட உப்பு மாதிரி, திரும்பி வராது.

மனைவிதான் நிலவறையில் நின்று கேட்டாள், "இஞ்சருங்கோ, இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறது ஆற்றை இரும்பு?" கியர் மாற்றிகள், கைகள், 52 பல் சக்கரம், சுவரில் தொங்கிய குரோம் சில்லுகள், எல்லாம் இருந்தன. ஒரு சனி, ஞாயிறு செலவழித்து, கேபிள் மட்டும் புதிதாகப் போட்டு, றலியைத் திரும்பப் பத்துக் கியராக்கினேன். மழையில் பிறேக் பிடிக்காது என்பதையும் விளம்பரத்திலேயே எழுதினேன். 220 டொலருக்கு மூன்றாம் நாள் போனது. வாங்கியவர் நரைத்த தாடிக்காரர், பள்ளிக் காலத்தில் இதே வண்டி வைத்திருந்தாராம். கை வைக்கும் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். 700சி சில்லுகளைத் தனியாக 120க்கு ஒரு மாணவர் எடுத்தார். ஆக 340. கையைக் கடித்தது 175, அதோடு வருஷா வருஷம் மாற்றிய செயினும் ரயரும். 2024இல் ரொறொன்ரோ பஸ், ரயிலுக்கான ரிரிசி மாதப் பாஸ் 156 டொலராக இருந்ததால் ஆறு வருஷத்துக்கு இது எனக்கு வலிக்கவில்லை.

விற்கும் எண்ணத்தோடு மாற்றப் போகிறவர்கள் முதலில் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் பாருங்கள். ரெய்னோல்ட்ஸ் 531 என்று, அதாவது நல்ல சட்டங்களுக்குப் போடும் உயர்ந்த எஃகுக் குழாயின் பெயர், இருந்தால் அரத்தையும் வாளையும் கராஜுக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சட்டத்தைத் தேடி வருகிறவர் அறுத்த கொக்கியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். கழட்டுகிற ஒவ்வொரு திருகாணியையும் பெயர் எழுதிப் பையில் போடுங்கள். நான் எழுதாமல் போட்டதால் முன் கியர் மாற்றியின் ஒரு திருகாணிக்காக அந்த ஞாயிறு முழுக்கப் பெட்டியைக் கொட்டிக் கிளற வேண்டியிருந்தது. 16, 17 பல் சக்கரங்கள் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் சேர்த்துப் பத்து டொலர் என்று போட்டு எட்டு மாதமாகிறது, ஒருவரும் கேட்கவில்லை.