ஃப்ரீபிஎஸ்டி மூலநிரல்: கிட்டா, கிட்அப்பா, ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டா?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரலை இறக்க, பழைய கையேட்டைப் பார்த்து சிவிஎஸ்அப் என்ற பழைய கருவியைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்களில், மூலநிரல் 2008-இல் சப்வெர்ஷனுக்கும் 2020 டிசம்பரில் கிட்டுக்கும் மாறிவிட்டது. கூடுதல் மென்பொருள்களுக்கான போர்ட்ஸ் மரத்தை இறக்கும் போர்ட்ஸ்நாப்பையும் 14.0 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். மிச்சத்தில் முக்கியமானவை மூன்று: கிட், மூலநிரலை மட்டும் இறக்கும் சிறு கருவியான கிட்அப், இயங்குதளத்தையே புதுப்பிக்கும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்.

கிட்டில் முழு வரலாற்றோடு குளோன் (நகல்) போட்டால் ஒரு ஜிபிக்கு மேல் இறங்கும். பாதியில் நெட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே கரண்ட் போகும் சென்னைத் தெருக்களில் இது பெரிய தலைவலி. ரிலீஸ் கிளையை மட்டும் பின்தொடர்பவருக்கு டெப்த் 1, அதாவது கடைசி கமிட் (பதிவான மாற்றம்) மட்டும் உள்ள மேலோட்டக் குளோன் போதும். ஒன்று மட்டும் குறையும்: கெர்னலைக் கட்டியபின் யூநேம் கட்டளை காட்டும் பதிப்பு வரியில், 'என்' எழுத்தோடு தொடங்கும் கமிட் எண் வராது, கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷ் மட்டுமே வரும். மேலோட்டக் குளோனில் கமிட்டுகளை எண்ண முடியாதல்லவா? அன்ஷாலோ கொடுத்து ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி கட்டினால் எண் திரும்பும்.

ரூட்டாக (நிர்வாகப் பயனராக) குளோன் செய்துவிட்டுச் சாதாரணப் பயனராக கிட்டை ஓட்டினால், உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர் என்று மறுத்துவிடும். அடைவின் உரிமையாளரை மாற்றுங்கள், அல்லது அந்தப் பாதையை கிட்டின் சேஃப் டைரக்டரி அமைப்பில் சேருங்கள்.

கிட்அப் சின்ன மெஷினுக்கு நல்லது. கிட் பேக்கேஜே வேண்டாம், கான்ஃபிக் கோப்பில் கிளையைச் சொன்னால் போதும். ஆனால் வரலாறு இருக்காது, பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் பைசெக்ட் நடக்காது. மூலத்தில் கைவைத்தவர்கள் ஜாக்கிரதை, உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும். திருத்தங்களைப் பேட்ச் கோப்பாகத் தனியே எடுத்து வையுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்தான். ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டின் கான்ஃபிக்கில் காம்போனன்ட்ஸ் வரியில் எஸ்ஆர்சி (மூலநிரல்), வேர்ல்டு (கெர்னல் தவிர்த்த அடிப்படை மென்பொருள்), கெர்னல் மூன்றும் இயல்பாகவே இருக்கும். கிட்டில் இறக்கிய மூலநிரல் மரம் உள்ள இடத்தில் இதை ஓட்டினால் அதுவும் அதே கோப்புகளைத் திருத்தும். அடுத்த முறை கிட் புல் கட்டளையால் புதுப்பிக்கும்போது, உள்ளூர் மாற்றங்கள் அழிந்துவிடும் என்று கிட் முரண்டு பிடிக்கும். எஸ்ஆர்சி என்ற சொல்லை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு, கிட் ரிஸ்டோர் கொடுத்து மரத்தைச் சுத்தம் செய்தால் தீரும். ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளைக்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் உதவவே உதவாது, ரிலீஸுக்கு மட்டும்தான்.

எதில் இறக்கினாலும் பில்டுவேர்ல்டு (மூலநிரலிலிருந்து கட்டும் கட்டளை) போடுமுன் மூலநிரலோடு வரும் அப்டேட்டிங் கோப்பைப் படியுங்கள். கரண்ட் போய் பில்டு பாதியில் நின்றால், மாறியதை மட்டும் மறுபடி கட்டும் மெட்டா மோடு தொடர உதவும்; அதை முன்பே இயக்கியிருக்க வேண்டும். அதை எஸ்ஆர்சி-என்வ் கான்ஃப் கோப்பில் போடுங்கள், எஸ்ஆர்சி கான்ஃபில் போட்டால் வேலை செய்யாது. எந்தக் கோப்புகள் பயன்பட்டன என்று கவனிக்கும் ஃபைல்மான் கெர்னல் மாட்யூலும் ஏற்றியிருக்க வேண்டும்.