‘ரீல்ஸ்’ மொழி அளவுகோல்: ரிப்போர்ட்டில் வரும் மாதக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

பேச்சு தாமதமாகும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், பல ஸ்பீச் தெரபி சென்டர்களில் முதலில் போடுவது ரீல்ஸ்தான் (REELS, குழந்தையின் மொழி வளர்ச்சியை அளப்பது). பிஸாக், லீக் என்ற இருவர் 1971இல் அமெரிக்காவில் கொண்டுவந்த அளவுகோல் இது. பிறந்ததிலிருந்து 3 வயது வரைக்கும் பொருந்தும். கேள்விகளெல்லாம் பெற்றோரிடம்தான். குழந்தை அழுது புரண்டாலும் வேலை முடிந்துவிடும், அதுவே இதன் பெரிய வசதி.

ரிப்போர்ட்டில் இரண்டு விதமான வயது, மாதக் கணக்கில் இருக்கும். ரிசெப்டிவ் ஏஜ் என்பது புரிந்துகொள்ளும் வயது, எக்ஸ்பிரசிவ் ஏஜ் என்பது வெளிப்படுத்தும் வயது. 30 மாதக் குழந்தைக்கு முதலாவது 22–24 மாதம், இரண்டாவது 14–16 மாதம் என்று வந்தால், புரிதல் ஓரளவு வந்துவிட்டது, பேச்சுதான் பின்தங்குகிறது என்று பொருள். இரண்டுமே 14–16 என்றால் கதை வேறு. காதுகேட்பு, ஆட்டிசம், பொது வளர்ச்சி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இரண்டில் எதுவும் அறிவுத்திறன் மார்க் அல்ல.

மாதக் கணக்கு ஆடுவது எங்கே? கேள்விகள் வயதுவாரியான படிகளாக இருக்கும்: முதல் வருடம் மாதத்துக்கு ஒரு படி, இரண்டாம் வருடம் 2 மாதத்துக்கு ஒன்று, மூன்றாம் வருடம் 3 மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் புரிதலுக்கு 3 கேள்வி, பேச்சுக்கு 3 கேள்வி. இவ்வளவு கொஞ்சக் கேள்வியில், அம்மா ஒரு இடத்தில் தயங்கி “ஆமா, சொல்லுவான்” என்றாலே வயது ஒரு படி ஏறிவிடலாம்.

அதிகம் ஏமாற்றுவது புரிதல் பகுதி. “செருப்பை எடுத்துட்டு வா” என்னும்போதே வீட்டில் கை வாசலைக் காட்டிவிடும். குழந்தை கையைப் பார்த்துப் போகும். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாலும் காட்டாமல், வெளியே கிளம்பாத நேரத்தில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பேச்சுப் பகுதியிலும் இதே வம்புதான். போனில் பார்த்து ஏ டூ இசட் ஒப்பிக்கும் பிள்ளை, தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா கையைப் பிடித்து இழுக்கும். ஒப்பித்தலைச் சொற்கணக்கில் சேர்க்கக் கூடாது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் கேட்டுப் பேசும் சொற்களையோ சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இல்லாத தாமதம் தெரியும்.

குறைமாதப் பிள்ளைக்கு 2 வயது வரை திருத்திய வயதோடுதான் (பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது) ஒப்பிட வேண்டும். 4 வயதுப் பிள்ளைக்கு ரீல்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள்: அளவுகோல் 36 மாதத்தோடு முடிந்துவிடுகிறது, கதை சொல்லுதல், வாக்கிய அமைப்பு எதையும் அது தொடாது.

முதல் சல்லடையாக நல்ல கருவி, இதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் மோசமான கருவி. ரிப்போர்ட்டை வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள்: பதில் சொன்னவர் யார், வீட்டில் என்னென்ன மொழி, விளையாட்டை நேரில் கவனித்த குறிப்பு, கையெழுத்தின் கீழே ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண். காதுகேட்பு முடிவும் அதில் இருக்க வேண்டும். “கை தட்டினா திரும்புறான்” போதாது. ஓஏஇ, பெரா போன்ற, கருவி வைத்துக் காதுகேட்பை அளக்கும் டெஸ்ட் எடுக்கவில்லை என்றால் தெரபிக்குப் பணம் கட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.