ரோஜெட் தெசாரஸ்: பல வருடம் பழகியபின் என் கருத்து

"பொண்ணு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறா. ரோஜெட் தெசாரஸ் வாங்கித் தரலாமா? உங்க மேசையில எப்பவும் கிடக்குதே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் தொழில். ஒத்த பொருளுள்ள ஆங்கிலச் சொற்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்துத் தரும் இந்தப் புத்தகத்தைத் திறக்காத வேலை நாளே கிடையாது.

முதலில் எரிச்சல். உடையும் தன்மைக்கான தலைப்பைத் திறந்தால் பிரிட்டில், ஃபிரஜைல், ஃபிரெய்ல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எதை எங்கே போடுவது என்று ஒரு வார்த்தை இருக்காது. காய்ந்த சுள்ளி பிரிட்டில். கண்ணாடிச் சாமான் பெட்டியில் ஒட்டுவது ஃபிரஜைல். வயதாகித் தளர்ந்த பாட்டி ஃபிரெய்ல். நண்பரின் மகள் எங்கோ கிடைத்த ஒரு பட்டியலை நம்பி, கட்டுரையில் தன் பாட்டியை பிரிட்டில் ஆக்கியிருந்தாள். அவளை எப்படிக் குறை சொல்வது? ஸ்லிம் என்றால் பாராட்டு, ஸ்கின்னி என்றால் குத்தல். ஃப்ரூகல் சிக்கனக்காரர், ஸ்டின்ஜி கஞ்சன். இந்த வித்தியாசம் தெரிவதுதானே சொல்வளம்! அதை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் கொட்டி வைத்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் இதைத் தொகுத்த ரோஜெட் பிள்ளைகளுக்காகச் செய்யவில்லை. மருத்துவரான அவர் 1805-லேயே தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சிறு தொகுப்பு வைத்திருந்தார். அது வளர்ந்து அச்சில் வந்தது 1852-ல், அவருக்கு எழுபது தாண்டியபின். ஆறு வகுப்புகள், ஆயிரம் தலைப்புகள். நம் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு என்று போவதுபோல இதுவும் பொருள்வாரியாகத்தான் போகும். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கிறவருக்கான புத்தகம் இது.

அப்படிப்பட்டவருக்கு இதைப்போல வேறொன்று இல்லை. முக்கியமாக எதிர்ச்சொல் விஷயத்தில். எதிரெதிர்க் கருத்துகள் அடுத்தடுத்த தலைப்புகளாக இருக்கும். முதல் பதிப்பில் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக எதிரும் புதிருமாகவே அச்சிட்டிருந்தார்கள். 'லைட்' என்று பின்னட்டவணையில் தேடினால் வெளிச்சத்துக்கு ஓர் எண், எடை குறைவுக்கு வேறோர் எண். முதலாவதுக்குப் போனால் பக்கத்தில் 'டார்க்', இரண்டாவதுக்குப் போனால் 'ஹெவி'. எதிர்ச்சொல் சொல்லுக்கு அல்ல, பொருளுக்குத்தான் என்பதை எந்த கைடும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஒரு சொல்லைத் தேடிப் போய், அக்கம்பக்கத்துத் தலைப்புகளில் அரைமணி நேரம் சுற்றிவிட்டு வருவேன். அந்த அரைமணிதான் என் ஆங்கிலத்தை வளர்த்தது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். 2008-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு லர்னர்ஸ் தெசாரஸ் வாங்கிக் கொடுங்கள். ஒரே குடும்பச் சொற்களை வரிசையாக வைத்து, எது எந்த இடத்தில் வரும், எந்தச் சொல்லோடு சேரும் என்று உதாரண வாக்கியத்தோடு சொல்கிறது. பரீட்சை முடிந்து, வேலை கிடைத்து, ஆங்கிலத்தில் நிறைய எழுதவேண்டி வந்தால் அப்போது ரோஜெட்டை நானே அவளுக்கு வாங்கித் தருகிறேன்.