ஃபாவோஸ்டாட் உமிழ்வுத் தரவுத்தளம்: எதற்கு நம்பலாம், எங்கே வழுக்கும்

உணவும் விவசாயமும் எந்த நாட்டில் எவ்வளவு பசுங்குடில் வாயுவை வெளிவிடுகின்றன என்று ஒப்பிட, இலவசமாகக் கிடைப்பவற்றில் மிக விரிவானது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் ஃபாவோஸ்டாட். எந்த நாட்டில் எது பெரிய பங்கு என்று பார்க்க அருமையான கருவி. உமிழ்வைக் குறைப்பதில் யார் முன்னேறினார்கள் என்று மதிப்பெண் போட மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

இதன் பலம் மூன்று அடுக்குகள். முதலாவது பண்ணைக்குள் நடப்பது: மாட்டின் செரிமான மீத்தேன், நெல் வயல், உரம், டிராக்டர் டீசல், வடிகாலிட்ட கரிநிலம் (மட்கிய தாவரம் நிறைந்த ஈரநிலம்). இரண்டாவது காடழிப்பும் தீயும். மூன்றாவது பண்ணைக்கு முன்னும் பின்னும்: உர ஆலை, பதப்படுத்தல், போக்குவரத்து, அடுப்பு, உணவுக் கழிவு. நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் அறிக்கையில் டீசல் எரிசக்தித் துறைக்கும், உணவுக் கழிவு கழிவுத் துறைக்கும் போய்விடும். அந்த அறிக்கையின் 'விவசாயம்' வரியை இங்குள்ள உணவு அமைப்பு மொத்தத்தோடு ஒப்பிட்டால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. பிரேசிலில் இரண்டாம் அடுக்கைச் சேர்ப்பதா, விடுவதா என்பதே படத்தை மாற்றிவிடும்.

இனி வழுக்கும் இடங்கள். சி.எஸ்.வி. கோப்பை (தரவு அட்டவணையை) இறக்கியதும் எல்லா வரிகளையும் கூட்டாதீர்கள். உட்பிரிவுகளும் அவற்றின் மொத்தங்களும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும். மீத்தேன் எடையும், அதே அளவு வெப்பமூட்டும் கார்பன் டை ஆக்ஸைடின் எடையாக மாற்றிய மதிப்பும் (நிகர் மதிப்பு) தனித்தனி வரிகள். 'சீனா' என்ற வரிக்குள் பெருநிலப்பகுதி, ஹாங்காங், மக்காவ், தைவான் எல்லாம் அடக்கம். அவை தனியாகவும் வரும். தரவு மூலம் என்ற தேர்வில் அமைப்பின் சொந்தக் கணக்கு, நாடுகளின் அறிக்கை இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். 2030, 2050 என்ற ஆண்டுகள் தென்பட்டால் அவை கணிப்புகள். வரைபடத்துக்கு முன் நீக்கிவிடுங்கள்.

பெரிய குறை முறையிலேயே இருக்கிறது. ஐ.பி.சி.சி. எனும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் 2006 வழிகாட்டியில் உள்ள முதல்நிலை (மிக எளிய) முறைப்படி, மாடுகளின் எண்ணிக்கையை ஒரு நிலையான காரணியால் பெருக்குகிறார்கள். கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு மேற்கு ஐரோப்பாவில் 117 கிலோ மீத்தேன், இந்தியத் துணைக்கண்டத்தில் 58, ஆப்பிரிக்காவில் 46. துணைக்கண்டத்தில் 1 கோடி மாடுகள் என்றால் 580 கிலோ டன் மீத்தேன். அதே குழுவின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை மீத்தேனுக்குத் தரும் 28 என்ற மடங்கெண்ணால் பெருக்க, 16,240 கிலோ டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். தீவனத்தை மேம்படுத்தி மாட்டுக்கான மீத்தேனை ஒரு நாடு குறைத்தாலும் இந்தக் கணக்கு அசையாது. மாடு குறைந்தால்தான் குறையும். இப்படி வரும் இறக்கத்தை 'கொள்கை வெற்றி' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்!

வேறு மூலத்தோடு ஒப்பிடும்போது மடங்கெண்ணையும் பாருங்கள். நான்காம் அறிக்கையில் மீத்தேனுக்கு 25, நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 298; ஐந்தாவதில் 28, 265. எனவே நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு மாறினாலே, மாடு அதிகமுள்ள நாடு ஏறியும், உரம் அதிகமுள்ள நாடு இறங்கியும் தெரியும்.

மாற்றாக, ஐரோப்பிய ஆணையத்தின் எட்கர்-ஃபுட் என்ற உணவு உமிழ்வுத் தரவுத்தளம் இருக்கிறது. 2015க்கு அது தரும் உலக மொத்தம் 18 கிகா டன், எல்லா உமிழ்விலும் 34 சதவீதம். பண்ணைக்குப் பிந்தைய கட்டங்களுக்கு இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் இரண்டுமே உற்பத்தி நடந்த நாட்டின் கணக்கில்தான் எழுதுகின்றன: ஏற்றுமதியான சோயாவுக்காக வெட்டிய காடு, தீவனம் வாங்கிய நாட்டின் பெயரில் வராது.