வேர்ல்விண்ட் கணினியின் நினைவகம்: மின்னேற்றக் குழாயா, காந்த வளையமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவான வேர்ல்விண்ட் கணினி, முதலில் தன் தரவுகளைக் கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை பதிக்கும் மின்னேற்றப் புள்ளிகளாகச் சேமித்தது. அக்குழாய்கள் விலை மிகுந்தவை. அடிக்கடி பழுதாகி, ஆய்வாளர்களின் பொழுதை விழுங்கின.

1953-இல் அவற்றின் இடத்துக்கு வந்தது, வேர்ல்விண்ட் திட்டத்தை வழிநடத்திய பொறியாளர் ஜே ஃபாரெஸ்டர் வகுத்த காந்த வளைய நினைவகம். கம்பி வலையின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கானால் ஆன சிறு வளையம் கோக்கப்பட்டிருக்கும்; அதன் காந்தத் திசையே 0 அல்லது 1 என்ற பதிவு. ஒரு கம்பியில் பாயும் பாதி மின்னோட்டம் மட்டும் எந்த வளையத்தையும் புரட்டாது, குறுக்குக் கம்பியின் பாதியும் வந்து சேரும் சந்திப்பிலுள்ள வளையமே தன் காந்தத் திசையை மாற்றிக்கொள்ளும். எண்ணியெண்ணி வியக்கத்தக்க எளிமை இது! படிக்கும்போதே பதிவு அழிந்துவிடுவதால் மீண்டும் எழுதவேண்டியிருந்தது உண்மைதான். ஆயினும், மின்சாரம் நின்றாலும் நினைவு கலையாத, தரவை எட்ட ஆகும் அணுகு நேரத்தை 25 மைக்ரோவினாடியிலிருந்து (வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவினாடி) 9 ஆகக் குறைத்த வளையத்தையே நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.