கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் 'நிலம்' என்ற சொல்லைக் கவனியுங்கள்

கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அதற்கு நெல்வயல் என்று பொருள். வீடு கட்டத்தக்க இடத்தை அங்கே 'புரயிடம்' என்று எழுதுவார்கள். 'நிலம்' என்பதைத் தமிழ்ச் சொல்லாகவே புரிந்துகொண்டு, பொள்ளாச்சியில் இருந்த பூர்வீக வீட்டை விற்ற பணத்தோடு என் மனைவியின் நகையையும் சேர்த்து, 34 லட்சம் ரூபாயை இழக்கும் நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

கஞ்சிக்கோட்டில் எனக்கு வேலை. கொழிஞ்சாம்பாறையை ஒட்டி, பனைமரங்களுக்கு நடுவே புதிதாக எழும்பிய 11 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 6 சென்ட் மனையும் 1,100 சதுர அடி வீடும் விலைக்கு வந்தன. பத்திரம் மலையாளத்தில் இருந்ததால் தரகரே எங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவரும் தமிழ் பேசுகிறவர் என்பதால் நம்பினோம். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. நிலத்தின் வகை வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை. வங்கிக் கடனுக்குப் போகலாம் என்றபோது, தாமதமாகும் என்று சொல்லி, ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு லட்சம் குறைப்பதாகச் சொன்னார்கள். வங்கியின் வழக்கறிஞர், கரம் (நிலவரி) கட்டிய ரசீதைப் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பார் என்பதுதான் அந்தச் சலுகைக்குக் காரணம் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

குடிபோன இரண்டாம் மாதம், சித்தூர்ப்புழைக் கால்வாயில் தண்ணீர் திறந்தார்கள். மழையே இல்லாத நாட்களில், பக்கத்து வயலுக்குப் பாய்ந்த நீர் எங்கள் தரைக்கடியில் ஊறி, கூடத்துச் சுவர் இடுப்பளவு நனைந்தது. கழிவறைத் தொட்டி நிரம்பிப் பின்வாசலில் வழிந்தது. வயலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, இது ரெண்டு போகம் வெளஞ்ச வயலாச்சே, அஞ்சு வருசத்துக்கு முன்னாலதான மண்ணடிச்சாங்க, ஆருங்க உங்களுக்கு வித்தது?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுமையாகப் பயம் வந்தது.

கிராம அலுவலகத்திலும் கிருஷிபவனிலும் (வேளாண் அலுவலகம்) விசாரித்தபோது எல்லாம் தெளிவாயிற்று. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிக்கப்பட்ட டேட்டா பேங்க் பட்டியலில் எங்கள் சர்வே எண் நெல்வயலாகவே இருக்கிறது. கட்டட அனுமதி வாங்கப்படவே இல்லை. 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்று தரகர் சொன்ன வீட்டு எண்ணை, இந்த நிலையில் பஞ்சாயத்து தராது.

பட்டியலிலிருந்து நீக்கக் கோரிப் படிவம் 5 கொடுத்திருக்கிறோம். அது ஏற்கப்பட்டால்தான் வகை மாற்றத்துக்கான படிவம் 6-க்கே போக முடியும். ஆனால் சட்டம் வந்தபோது அந்த இடம் வயலாக இருந்ததா என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்க்கிறார்கள். பெரியவர் சொன்னது உண்மையென்றால் படம் எங்களுக்கு எதிராகத்தான் பேசும். விற்றவர், "பத்திரத்தில் நிலம் என்றுதானே எழுதியிருக்கிறது, நான் எதை மறைத்தேன்?" என்கிறார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், கரம் கட்டிய ரசீதை மலையாளம் படிக்கத் தெரிந்த, விற்பனையில் பங்கில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நீங்களே கிருஷிபவனுக்குப் போய் டேட்டா பேங்கைப் பாருங்கள். பஞ்சாயத்து கொடுத்த வீட்டு எண்ணைக் கண்ணால் பார்க்காமல் கட்டிய வீட்டுக்குப் பணம் தராதீர்கள். பக்கத்து வயல்காரரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

எங்கள் வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் விற்காமல் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர்ப் பதிவெண் கொண்ட கார்களில் குடும்பங்கள் வந்து பார்க்கின்றன. தரகர் உடன் இருப்பதால் அவர்களிடம் பேச முடிவதில்லை. அவர்களில் ஒருவராவது இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.